கேரவனில் திருநெல்வேலிச் சீமை: தூரக் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

சென்னையிலிருந்து நெல்லை 620 கிலோமீட்டர் சொச்சம். நாலுவழிச் சாலைதானே, ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புவார்கள். கார்க்காரர் கணக்கு, உள்ளேயே படுத்துத் தூங்கும் கேரவனுக்கு ஒத்துவராது. சுங்கச்சாவடி, டீ, சாப்பாடு, பிள்ளைகள் கேட்கும் நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்தால் மணிக்கு 50 கிலோமீட்டர் கிடைப்பதே பெரிய காரியம். முதல் நாள் திருச்சியோடு நிறுத்துங்கள், அதுவே 330.

நெல்லைக்கு வந்தபின் ஆபத்து வேறு மாதிரி. பாபநாசம், தென்காசி, திருச்செந்தூர் எல்லாம் ஏறக்குறைய 50, 60 கிலோமீட்டர்தானே என்று மூன்றையும் ஒரே நாளில் அடுக்குவார்கள். முதல் இரண்டும் மேற்கே, கடைசி கிழக்கே. அதற்கு மேல் கோயில் நடை சாத்தும் நேரம். நெல்லையப்பரை மதியம் தவறவிட்டால் சாயங்காலம்தான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு அணைக்குப் போகும் வழி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அங்கே வண்டியைப் போட்டுத் தூங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். மாஞ்சோலை மலைக்கு வனத்துறை அனுமதி கிடைத்தாலும் அந்த வளைவுகள் பெரிய வண்டிக்கானவை அல்ல.

படுக்கும் இடத்தை முடிவு செய்யாமல் கிளம்புவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. சாரல் சீசனில் ஒரு சனிக்கிழமை நாங்கள் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி. லாட்ஜ் வாசல்களில்கூட வண்டி நிறுத்த இடமில்லை. கடைசியில் ரோட்டோரச் சரிவில் நிறுத்தினோம். படுத்தவர்கள் எல்லாரும் விடிவதற்குள் ஒரு பக்கமாக உருண்டு கிடந்தோம். இப்போதெல்லாம் ஐந்து மணிக்குள் வண்டி நின்றாக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். வெளிச்சம் இருந்தால்தான் தாழ்ந்து தொங்கும் கரண்டுக் கம்பி தெரியும், தலைக்கு மேலே தேங்காய்க் குலை தெரியும். தரை மட்டமா என்று பார்க்க உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் போதும்.

ஆனி, ஆடியில் நாகர்கோவில் சாலையில் பணகுடி தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, 50க்குள் போங்கள். ராத்திரி அந்தப் பக்கம் தங்கினால் வண்டியின் மூக்கு மேற்கே பார்க்கட்டும், ஆட்டம் குறையும்.

தாமிரபரணி மணலில் இறக்கிப் போடாதீர்கள். அணையில் திறந்துவிட்டால் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் ஆற்றங்கரைப் பக்கமே போகவேண்டாம். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

அப்படியானால் எங்கே தங்குவது? நெடுஞ்சாலையில் கழிவறையும் விளக்கும் உள்ள பெட்ரோல் பங்க்தான் எங்கள் முதல் தேர்வு. டீசல் போட்ட கையோடு கேட்டுவிடுவேன்: “அண்ணாச்சி, விடிய அஞ்சு மணிக்கு எடுத்துருதோம்.” பெரும்பாலும் வரும் பதில்: “லாரிக்கு வழிவிட்டு அந்த ஓரமாப் போட்டுக்கிடுங்க.”