சித்தூர் வட்டாரத் தமிழ் மாணவர்கள் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் பிளஸ் டூ முடித்தவர்கள், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தைக் கொண்டே பல கல்லூரிகளைக் கோரலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இளங்கலையும் உண்டு. 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறையில் உள்ளது. மூன்றாண்டில் பட்டம் பெற்று விலகவும் வழியுண்டு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் முதலில் வேண்டும் என்று குறிக்கும் விருப்ப வரிசையில்தான். அந்த வரிசையில் மேலே குறித்த இடம் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழுள்ளவை தாமாகவே நீங்கிவிடும் என்பதால், வீட்டுக்கு அருகில் என்பதற்காக மட்டும் மனம் ஒட்டாத பாடத்தை முதலில் வைத்துவிடாதீர்கள். ஒதுக்கீடு வந்தபின் குறித்த நாளுக்குள் கட்டாயக் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் இடம் கைநழுவிப் போகும்.

சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையம் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தால், விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள்.