பழைய விண்டோஸ் கணினியில் படம் பார்க்கவும் திருத்தவும்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் கடைத்தெருக்களில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துத் தரும் டிடிபி கடைகளில், விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடும் கணினிகளை இன்றும் காணலாம். இதற்குச் சோம்பல் காரணமன்று. பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கோப்புகள், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், புதிய விண்டோஸுக்கு டிரைவரே வராத ஸ்கேனர் ஆகியவை அந்தக் கணினியோடு பிணைந்துவிட்டன. அதை மாற்றாமலேயே படவேலையைச் செய்துகொள்ள இரண்டு மென்பொருள்கள் போதும்: பார்ப்பதற்கும் சில்லறைத் திருத்தங்களுக்கும் இர்ஃபான்வியூ, பழுது பார்ப்பதற்கு கிம்ப். எல்லாவற்றையும் ஒரே பெரிய மென்பொருளில் முடிக்க முயன்றால், நினைவகம் குறைந்த கணினி பாதியிலேயே நின்றுவிடும்.

மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கானவற்றை 2020 ஜனவரியிலும் நிறுத்திவிட்டதால், இந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது. இணைத்தாலும் பயன் குறைவு. எக்ஸ்பியில் உள்ள பழைய உலாவியால் இன்றைய பாதுகாப்பான தளங்கள் பலவற்றைத் திறக்கவே முடியாது. ஆகவே வேறொரு புதிய கணினியில் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, வைரஸ் சோதனை செய்து, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். இர்ஃபான்வியூவில் 32 பிட் பதிப்பையும் அதற்குரிய ப்ளகின் (கூடுதல் வசதிகளுக்கான துணைநிரல்) தொகுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிம்ப் என்றால் எக்ஸ்பிக்கு 2.8 வரிசைதான் பொருந்தும், 2.10 வரிசைக்குக் குறைந்தது விண்டோஸ் 7 வேண்டும். பெயிண்ட் டாட் நெட் என்னும் வேறொரு படத்திருத்த மென்பொருளில் பழகியவர்கள் எக்ஸ்பியில் 3.5.11 பதிப்போடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996-இல் வெளியிட்ட இர்ஃபான்வியூ, சில மெகாபைட் அளவேயான சிறிய மென்பொருள். வீட்டு உபயோகத்துக்கு இது இலவசம். ஆனால் காசு வாங்கி வேலை செய்யும் ஸ்டூடியோவும் டிடிபி கடையும் உரிமக் கட்டணம் செலுத்தியே பயன்படுத்த வேண்டும். நம் ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடும் விஷயம் இது. கிம்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கைபேசியில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், எக்ஸ்பியோடு வரும் படக்காட்டியில் பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். படத்தோடு கேமரா எழுதிவைக்கும் திசைக்குறிப்பை அந்தப் பழைய காட்டி படிப்பதில்லை என்பதே காரணம். இர்ஃபான்வியூ அதைப் படித்துத் தானே நிமிர்த்திக் காட்டும். நிரந்தரமாகத் திருப்ப வேண்டுமானால் ஷிஃப்ட் + ஜே அழுத்தி, தரம் இழக்காத ஜேபெக் மாற்றத்தைப் பயன்படுத்துங்கள். சாதாரணமாகத் திருப்பிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் படம் மறுபடி சுருக்கப்பட்டு, முகத்தின் ஓரங்களில் கட்டம் கட்டமாகச் சிதைவு தெரியத் தொடங்கும்.

கடைக்கு நாள்தோறும் வரும் வேலை, தேர்வு விண்ணப்பத்துக்கான புகைப்படம். 3.5 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் கொண்ட படத்தின் விகிதம் 7:9. ஷிஃப்ட் + சி அழுத்தி வரும் பெட்டியில் அந்த விகிதத்தைக் கொடுத்து, தேர்வுச் சட்டத்தை முகத்தின்மேல் நகர்த்தி வைத்து, கன்ட்ரோல் + ஒய் அழுத்தினால் படம் வெட்டப்படும். அடுத்து கன்ட்ரோல் + ஆர் அழுத்தி, அகலம் 413, உயரம் 531 பிக்சல், அடர்த்தி 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்று கொடுக்க வேண்டும். 50 கேபிக்கு மேல் ஏற்காத விண்ணப்பங்கள் உண்டு. அப்போது சேமிக்கும் பெட்டியில் ஜேபெக் தர அளவை 80-இலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள், பிக்சல் அளவைத் தொடாதீர்கள். இதே படத்தை அச்சிட்டுக் கொடுப்பதானால், 4×6 அங்குலத் தாளில் வரிசைக்கு நான்காக எட்டுப் படங்கள் அடங்கும்.

தாராசுரம் கோயில் தூண்களை ஒருவர் நூற்றுக்கணக்கில் படமெடுத்து வந்து, அனுப்பத்தக்க அளவில் சிறிதாக்கித் தரும்படி கேட்டால், ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. பி விசையை அழுத்தி மொத்த மாற்றப் பெட்டியைத் திறந்து, நீண்ட பக்கம் 1600 பிக்சல் என்று அமைத்து, வெளியீட்டுக்கு வேறொரு கோப்புறையைக் காட்டினால் அசல் படங்கள் அப்படியே இருக்கும்.

இனி, கிம்பின் வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரத்தில் பூசணம் பூத்த ஆல்பங்களும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட கல்யாணப் படங்களும் டெல்டா வீடுகளில் ஏராளம். ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வதுதான் பாதுகாப்பு. சிறிய பிரதியானால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, தரம் இழக்காத டிஃப் வடிவில் சேமியுங்கள். கிம்பில் திறந்ததும் ஷிஃப்ட் + கன்ட்ரோல் + டி அழுத்தி அடுக்கைப் (லேயர்) பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பழைய வண்ணப் படங்கள் பலவும் செக்கச் செவேலென்று தெரிவதற்குக் காரணம், அச்சிலிருந்த சயான் (நீலப்பச்சை) சாயம் மற்றவற்றைவிட முன்னதாக மங்கிப்போனதுதான். கலர்ஸ் பட்டியலில் லெவல்ஸைத் திறந்து சிவப்புச் சேனலைத் தேர்ந்தெடுத்தால், அந்த நிறத்தின் அளவுகளைக் காட்டும் வரைபட மேடு முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கியிருப்பது தெரியும். இடக்கோடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தை அந்த மேடு தொடங்கும் இடம்வரை இழுங்கள். பச்சையிலும் நீலத்திலும் மேட்டின் இரு ஓரங்களுக்கு முக்கோணங்களைக் கொண்டுவந்து வைத்தால், மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளையாகவும் கூந்தல் கறுப்பாகவும் மீளும். ஆட்டோ பொத்தானும் இதைத்தான் செய்கிறது என்றாலும், பட்டுப்புடவையின் அரக்கை அது சாம்பலாக்கிவிடுவதுண்டு. கையால் செய்வதையே நான் விரும்புவேன். பூசணப் புள்ளிகள் முகத்தில் இருந்தால், சுற்றியுள்ள நிறத்தோடு இழைத்துவிடும் ஹீல் கருவி, நகை ஓரத்திலோ புடவைக் கரையிலோ இருந்தால், மாதிரியை அப்படியே படியெடுக்கும் க்ளோன் கருவி. இரண்டிலும் கன்ட்ரோல் விசையோடு நல்ல பகுதியைச் சொடுக்கி மாதிரி எடுத்த பிறகே பூச வேண்டும்.

12 மெகாபிக்சல் படம் நினைவகத்தில் விரிந்தால் ஏறத்தாழ 36 எம்பி பிடிக்கும். அடுக்குகளும் திரும்பப் பெறும் படிகளும் சேரச் சேர அது பன்மடங்காகும். ஆகவே கிம்ப் 2.8-இன் விருப்பங்களில் என்விரான்மென்ட் பகுதிக்குச் சென்று, டைல் கேஷ் (படத்துக்காக கிம்ப் எடுத்துக்கொள்ளும் நினைவகம்) அளவைக் கணினி நினைவகத்தில் பாதிக்கு மிகாமல் அமைத்துக்கொள்ளுங்கள். 2.8-இல் சேமி என்றால் கிம்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பு மட்டுமே உருவாகும், ஜேபெக் வேண்டுமெனில் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர்களில் எக்ஸ்சிஎஃப் கோப்பை அடிக்கடி சேமித்துவருவது அவசியம்.

படத்தின்மேல் யூனிகோட் தமிழில் பெயர் எழுதும்போது கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், எக்ஸ்பியின் கன்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புகளைத் திறந்து, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கோப்புகளை நிறுவுங்கள். அதற்கு எக்ஸ்பி குறுந்தகடு கேட்கப்படலாம். பிறகு லதா எழுத்துருவில் தமிழ் சரியாக வரும். ஐபோன்காரர் கொண்டுவரும் ஹெய்க் (HEIC) வடிவப் படங்களை இந்தக் கணினியில் திறக்கப் போராட வேண்டாம். அவருடைய கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக்காகவே பதிவாகும். ஏற்கெனவே எடுத்தவற்றைப் புதிய கணினி ஒன்றில் மாற்றி, பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.