பாம்பனில் கடற்படைக் கப்பல் பார்க்க

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாம்பன் கால்வாயில் ஆழம் குறைவு. பெரிய போர்க்கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். இங்கே வருவது சிறிய ரோந்துக் கப்பல்கள், இழுவைக் கப்பல்கள். சாம்பல் நிறம் என்றால் கடற்படை, வெள்ளை என்றால் கடலோரக் காவல்படை.

தினமும் வராது. முதல் நாளே கப்பல் வந்து, கால்வாயைக் கடக்கும் ரயில் தூக்குப் பாலம் திறக்கும்வரை தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மீன் இறங்குதளத்துப் பக்கம் டீ குடித்துக்கொண்டே "நாளைக்கு தூக்குப் பாலம் திறக்குமாண்ணே?" என்று கேளுங்கள். அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். பக்கத்துச் சாலைப் பாலத்தின் நடைபாதைதான் நல்ல இடம். வண்டியைப் பாலத்தில் நிறுத்தாதீர்கள். பாம்பன் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். காற்று பலமாக இருக்கும், தொப்பி பறந்துவிடும் (என்னுடையது மன்னார் வளைகுடாவில் இருக்கிறது). கப்பல் காலுக்கு அடியிலேயே போகும். தளத்தில் நிற்பவர்களுக்குக் கையசைத்தால் பெரும்பாலும் பதிலுக்கு அசைப்பார்கள். உடனே கிளம்பிவிடாதீர்கள், பின்னாலேயே காத்திருந்த விசைப்படகுகள் வரிசையாக வரும்.