சீட்டித்துணி பார்க்க ஃப்ரீஸ் மியூசியம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பட்டறையில் சாயம் பழகும் தம்பி போன் செய்தான். "அண்ணா, நெதர்லாந்து போறேன். லேவார்டன் ஊர் ஃப்ரீஸ் மியூசியத்துல நம்ம சோழமண்டலக் கரைச் சீட்டித்துணி இருக்காமே, ஒரு நாள் ஒதுக்கிட்டேன்."

"எழுதிக் கேட்டியா?"

"மியூசியம்தானே, போனா இருக்கும்."

நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

கேட்காமல் கிளம்புவது

சீட்டி என்பது கையால் சாயம் தீட்டிய பருத்தித் துணி. 2017இல் அங்கே பெரிய சீட்டிக் கண்காட்சி நடந்தது. அதன் படங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் இன்னும் அங்கேயே தொங்குவதாக நம்பினேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஹிண்டலோபன் ஊர்ப் பெண்கள் உடுத்திய 'வெண்ட்கே' என்ற நீண்ட மேலங்கிக்காகவே போனேன். நான் தேடியது காட்சியில் இல்லை. ஒரு நாளும் பணமும் போயின. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சாயம் பழகுகிறவனுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். பழைய சீட்டியில் இலைகள் பல நீலமாக இருக்கும். சாயம் தீட்டிய காலத்தில் அவை பச்சை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டியிருப்பார்கள். வெளிச்சத்தில் முதலில் போவது மஞ்சள்தான், போனது திரும்பாது. அதனால் இப்படிப்பட்ட துணிகளை மங்கலான விளக்கில், 50 லக்ஸ் என்ற குறைந்த வெளிச்ச அளவில், கொஞ்ச காலம் காட்டிவிட்டு இருட்டுக் கிடங்குக்கு அனுப்பிவிடுவது மியூசியங்களின் வழக்கம். அது சரியும்கூட.

எனவே முதலில் இணையத் தொகுப்பில் துணியைத் தேடி அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வாரம் முன்பே எழுதுங்கள். "சீட்டி பார்க்க வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், சிவப்புக்குள் ஓடும் மயிரிழை வெள்ளைக்கோட்டைப் பார்க்க வேண்டும் என்பதுபோல் குறிப்பாகக் கேளுங்கள். சாயம் ஏறாமல் மெழுகால் மறைத்த கோடு அது. நம் கைவேலை அங்கேதான் தெரியும். பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

நீலம்-வெள்ளை என்றால் வெறும் அழகு என்று நினைப்பது

ஹிண்டலோபனில் அது துக்க உடை. "எவ்வளவு குளுமை!" என்று படம் எடுத்துக்கொள்ளும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரிய பியரின் வாள்

இதுவும் இதே மியூசியத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். பியர் 1520இல் இறந்த ஃப்ரீசியப் போராளி. வாள் அவருடையது என்பது வழிவழி வந்த செய்தி. அந்த அளவிலேயே எழுதுங்கள்.

எஷரைத் தேடுவது

ஓவியர் எஷர் பிறந்த ஊர்தான் லேவார்டன். அவருக்கான மியூசியம் ஹேக் நகரில்.

ஃப்ரீசியத்தை டச்சின் கொச்சை என்பது

தனி மொழி. லேவார்டன் இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஆட்சி மொழியும்கூட.