மின்கம்பிக் கணக்கு சரியா? இரண்டே நிமிடத்தில் பாருங்கள்

மேல்நிலை மின்கம்பியின் தூண்டலும் மின்தேக்கமும் கணக்கிட்டு முடித்ததும் விடையை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மேல்நிலை லைன்களில் வரும் 'பாந்தர்' கம்பியை (எஃகு மையத்தைச் சுற்றி அலுமினிய இழைகள் கொண்டது) எடுத்துக்கொள்வோம். விட்டம் 21 மி.மீ., அதாவது ஆரம் 10.5 மி.மீ. மூன்று கம்பிகளும் ஒரே கிடைமட்டத்தில், 4 மீட்டர் இடைவெளியில். சராசரி இடைவெளிக்கு 4-ஐ 1.26 ஆல் பெருக்கினால் 5.04 மீட்டர். தூண்டலுக்குக் கம்பியின் ஜிஎம்ஆர் (தூண்டல் கணக்கில் ஆரத்துக்குப் பதில் போடும் அளவு), ஆரத்தில் 0.826 பங்கு, சுமார் 8.67 மி.மீ. மின்தேக்கத்துக்கு முழு ஆரம்தான். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்.

தூண்டல்: 0.2 × இயல் மடக்கை (5040/8.67) = கிலோமீட்டருக்கு 1.27 மில்லிஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அது தரும் ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு வரும் தடை, கிலோமீட்டருக்கு 0.4 ஓம். ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரே கம்பி உள்ள லைன் என்றால் இந்த 0.4-ஐ ஒட்டித்தான் விடை வரும்.

மின்தேக்கம்: 0.0556 ÷ இயல் மடக்கை (5040/10.5) = கிலோமீட்டருக்கு 0.009 மைக்ரோஃபாரட்.

அப்புறம், ஹென்றியையும் ஃபாரடையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதனால் வகுங்கள். நொடிக்குச் சுமார் 2,95,000 கி.மீ. வருகிறது, ஒளியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒளியை மிஞ்சினாலோ பாதிக்கு இறங்கினாலோ அலகு எங்கேயோ தப்பியிருக்கிறது.

ஆனால் கால்குலேட்டரில் 'எல்என்' (இயல் மடக்கை) பொத்தானுக்குப் பதில் 'லாக்' (பத்தடி மடக்கை) அழுத்தியிருந்தால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். ஒன்று குறைந்த அளவுக்கு இன்னொன்று கூடி, பெருக்கல் மாறாது. அப்போது 0.4 ஓம் 0.17 ஆகி நிற்கும். அதனால் வேகம், ஓம் இரண்டையும் பாருங்கள்.