கோரைக்கும் கருமணலுக்கும் ஒரே கோட்டிங் போடாதீர்கள்

எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் சாம்பிள் கொண்டுவரும் பிள்ளைகள் வந்ததுமே கேட்பது, “அண்ணாச்சி, சீக்கிரம் தங்கம் போட்டுத் தாங்க” என்பதுதான். சாம்பிளின் மேல் போடும் மெல்லிய பூச்சைத்தான் கோட்டிங் என்கிறோம். எங்கள் பக்கம் வருபவை பத்தமடைக் கோரை, தேரி மண், உவரிக் கடற்கரைக் கருமணல். இவற்றில் எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்த உலோகம் என்பதை அப்புறம் பேசலாம்.

மின்சாரம் கடத்தாத பொருளின் மேல் எலெக்ட்ரான் கற்றை விழுந்தால் மின்னூட்டம் போக வழியில்லாமல் தேங்கிவிடும். படத்தில் வெள்ளைக் கோடு ஓடும், உருவம் நகரும். 5 முதல் 10 நானோமீட்டர் உலோகப் படலம் இருந்தால் மின்னூட்டம் அதன் வழியே ஸ்டப்புக்கு, அதாவது சாம்பிளை ஒட்டிவைக்கும் சிறிய உலோகத் தாங்கிக்கு, இறங்கிவிடும். அதைவிடத் தடிமனானால் நுண்ணிய மேடுபள்ளம் மூடிப்போகும்.

பட்டுப்பாய்க்குக் கீறிய கோரை நாரை 50 டிகிரி ஓவனில் ஓர் இரவு வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிடுங்கள். சாரல் காலத்தில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கோரையின் பஞ்சு போன்ற உட்பகுதி ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றை உறிஞ்சும் பம்ப் எவ்வளவு ஓடினாலும் அழுத்தம் இறங்காது. அப்புறம் ஸ்டப்பில் ஒட்டிய கார்பன் டேப்பில் படுக்கவைத்து, நாரின் மேற்புறத்திலிருந்து ஸ்டப்பின் உலோகம்வரை ஒரு சொட்டுச் சில்வர் பேஸ்ட்டை இழுத்துவிடுங்கள். உலோக அணுக்கள் நாரின் அடிப்பக்க நிழலுக்குள் சரியாகப் போகாது. இந்தப் பேஸ்ட் பாலம்தான் மேலே படிந்த தங்கத்தைக் கீழே உள்ள ஸ்டப்போடு சேர்க்கிறது. பேஸ்ட் முழுக்கக் காயும்வரை பொறுங்கள்.

மணலைக் குறைவாகத் தூவி, ஸ்டப்பைக் கவிழ்த்துத் தட்டி, ரப்பர் பல்பால் ஊதுங்கள். ஒட்டாத மணி நுண்ணோக்கிக்குள் பறக்கக் கூடாது. கடற்கரை மணலைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி உலர்த்தியே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் உப்புப் படிகத்தைத்தான் படம் எடுப்பீர்கள். தேரி மண்ணின் சிவப்பு, மணியின் மேல் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடு பூச்சு. அதைப் பார்க்க வேண்டுமானால் அல்ட்ராசானிக் கருவியில் (ஒலி அதிர்வால் கழுவுவது) போடாதீர்கள், உதிர்ந்துவிடும்.

உலோகப் பூச்சு போடும் மெஷினான ஸ்பட்டர் கோட்டரில் காற்றை உறிஞ்சிய பிறகு ஆர்கான் வாயுவை இரண்டு மூன்று தடவை விட்டு வெளியேற்றுங்கள். 20 மில்லிஆம்பியரில் 30 விநாடி போட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, இன்னொரு 30 விநாடி போடுவது என் வழக்கம். நார் சூட்டில் சுருளாது. ஒவ்வொரு மெஷினிலும் படியும் வேகம் வேறு. தடிமன் மானிட்டர் இருந்தால் அதை நம்புங்கள்.

உருவம் மட்டும் போதுமென்றால் தங்கம் சரி. தனிமம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கருமணலுக்குத் தங்கம் வேண்டவே வேண்டாம். கற்றை பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றலில் எக்ஸ்ரே விடும், அதை வைத்துத்தான் தனிமத்தை அடையாளம் காண்கிறோம். தங்கத்தின் எக்ஸ்ரே கோடு 2.12 கிலோஎலெக்ட்ரான்வோல்ட்டில் விழும். கருமணலில் உள்ள கனிமங்களில், மோனசைட்டில் உள்ள பாஸ்பரஸ் 2.01, சிர்க்கானில் உள்ள சிர்க்கோனியம் 2.04. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் எந்த மணி எது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதற்குக் கார்பன் கோட்டிங் கேளுங்கள். போட்ட தங்கத்தைச் சாம்பிள் கெடாமல் எடுப்பது கஷ்டம், ஆகவே கொஞ்சம் மணலைத் தனியே எடுத்துவையுங்கள்.

கோட்டிங் போட்ட பிறகும் வெள்ளைக் கோடு ஓடினால் உடனே இன்னொரு பூச்சு கேட்காதீர்கள். எலெக்ட்ரான் கற்றையின் வோல்டேஜை 5 கிலோவோல்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் ஸ்டப்பை வெளியே எடுத்து, பேஸ்ட் பாலம் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.