ஹோவர் பழகுகிறீர்களா? கண் தொலைவில் இருக்கட்டும்

ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுபவர்களைப் படாதபாடு படுத்துவது, அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஹோவர்தான். ஹெலிகாப்டரின் மூக்குக்குக் கீழே தரையைப் பார்க்காதீர்கள். தொலைவில் ஒரு மரத்தைப் பாருங்கள். சிறு சாய்வும் உடனே தெரியும். முன்கையைத் தொடையில் சாய்த்து, ஹெலிகாப்டரை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் சைக்ளிக் தண்டைப் பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடியுங்கள். முஷ்டி இறுகினால் ஆட்டம்தான் கூடும். (எல்லோருக்கும் முதலில் இறுகத்தான் செய்யும்.) தண்டை அசைத்தபின் ஹெலிகாப்டர் நகர ஒரு கணம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மேலும் தள்ளினால் ஊசலாட்டம் தொடங்கிவிடும். இம்மியளவு தள்ளி, உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஏறவும் இறங்கவும் உதவும் நெம்புகோலான கலெக்டிவை உயர்த்தினால் மூக்கு திரும்பும். ராபின்சன் ஆர்22 என்ற சிறு ஹெலிகாப்டரில் அது வலப்பக்கம் என்பதால் இடது பெடலை மிதிக்க வேண்டும். பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் பலவற்றில் நேர்மாறு.